மெங் தல்சுவின் முதுகுச்சட்டம்

மெங் தல்சு செத்து அடக்கமான பிறகு பதினேழு வருஷம், சுற்றுவட்டாரத்து ஏழு ஊர்களில் நடந்த கல்யாணம் ஒன்றைக்கூட அவன் விட்டதில்லை. யாரும் அவனை அழைக்கவில்லை. நெல் ஆலைக்காரர் தக் வீட்டு மடக்குத்தட்டி எந்த வீட்டுக்கு இரவல் போனதோ அந்த வீட்டுக்கு அவனும் போனான், ஏனென்றால் அவன் இருந்தது அந்தத் தட்டியில் வரைந்த படத்துக்குள். முதல் இரண்டு வருஷம் ஜனங்கள் அதைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் ஆலையில் இயந்திரம் மாற்றினார்கள், உருளைக்கிழங்கில் புழு விழுந்தது, பேசுவதற்கு அதுவே போதும் என்று ஆகிவிட்டது.

தட்டிக்கு எட்டு மடிப்பு. வடக்கும் தெற்கும் போட்ட சண்டைக்கு முன்னால், தக்கின் ஊரான கல்மேக்கு வந்த ஒரு குடிகார ஓவியன், சோறும் அரிசிக் கள்ளும் வாங்கிக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து வரைந்தது. சூரியன், மலை, தண்ணீர், பாறை, மேகம், பைன் மரம், சாகாக் காளான், ஆமை, கொக்கு, மான் என்று பத்துப் பொருள். பத்தும் நீண்ட ஆயுளுக்கு. மான் எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும் என்று அந்த ஓவியனுக்கும் தெரியாது, வரையச் சொன்னவர்களுக்கும் தெரியாது. ஆனாலும் கல்யாணமா, பிள்ளைக்கு ஒரு வயசா, பெரியவருக்கு அறுபது நிறைவா, படம் ஆட்களைப் பார்க்கும்படி தட்டியை விரிப்பார்கள். சாவு வீட்டில் பிணத்தை மறைத்து அதே தட்டியைத் திருப்பி வைப்பார்கள். அழ வந்தவர்கள் பார்ப்பது வெறும் வெள்ளைக் காகிதத்தை. அப்படித் திருப்பினால் படம் பிணத்தைப் பார்க்கும் என்பதால், படத்தின் மேல் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். போகிற ஆளுக்கு ஆயுளைக் காட்டி ஆசை மூட்டக் கூடாது. இது படிக்காதவனுக்கும் புரிகிற விஷயம்.

தல்சு சுமைவியாபாரி. முதுகில் மாட்டும் மரச்சட்டத்தில் உப்பு மீன், ஊசி, சீப்பு, கைக்கண்ணாடி எல்லாம் ஆள் உயரத்துக்குக் கட்டிக்கொண்டு மலை ஏறி இறங்குவான். வீட்டில் தங்கினால் ஒன்பது நாள். பத்தாம் நாள் காலையில் கிளம்பிவிடுவான். தூங்கும்போதுகூட மெத்தைக்குள் அவன் கால் நடந்துகொண்டே இருக்கும், போர்வை ஒரு மூலைக்குப் போய்விடும். அவன் பெண்சாதியை ஊரில் தன்யாங்காரி என்பார்கள், தன்யாங்கிலிருந்து வாழ வந்தவள் என்பதால். வேறு பேர் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. பிள்ளை இல்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவன் வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் நாலு வருஷம்கூட வராது என்று கிணற்றடியில் சொல்வாள். மற்ற பெண்கள் உனக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்பார்கள்.

சண்டை நின்ற மூன்றாவது வருஷம், தை மாதக் குளிரில், வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் காலையில் ஒரு காலில் செருப்பு மாட்டினான், மறுகாலுக்குக் குனிந்தவன் அப்படியே விழுந்து செத்தான். தட்டி வந்தது. துணி வரவில்லை. தக் வீட்டு மருமகள் சுன்னெ புதுசு, வயசு இருபத்திரண்டு, முந்தின நாள்தான் அதைத் துவைத்து வெளியே போட்டிருந்தாள். அது உறைந்து பலகை மாதிரி நின்றது. மடிக்கப் பார்த்தபோது ஒரு முனை ஒடிந்து கையோடு வந்தது. கண்ணை மூடிவிட்டவன் எதைப் பார்க்கப் போகிறான் என்று தக் சொல்லிவிட்டார். தல்சுவின் இடது கண் மூடவில்லை என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. பெரிய மனிதர் ஒன்று சொன்னபிறகு அதில் குறை சொல்லும் பழக்கம் கல்மேயில் கிடையாது. மூன்று நாள் அந்த ஒற்றைக் கண் பத்துப் பொருளையும் பார்த்துக்கொண்டே கிடந்தது. நாலாம் நாள் பாடையைத் தூக்கியபோது அது வெறும் கூடை மாதிரி எழும்பியது. தூக்கிய எட்டுப் பேரும் மற்ற ஏழு பேருக்கும் நல்ல பலம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வசந்தத்தில் தக்குக்கு அறுபது நிறைந்தது. விருந்துக்குத் தட்டியை விரித்தார்கள். மூன்றாம் மடிப்பில், பைன் மரத்தடியில், தல்சு சட்டத்தை முதுகில் மாட்டியபடியே உட்கார்ந்து சாகாக் காளானைத் தின்றுகொண்டிருந்தான். ஓவியனின் அதே மை, அதே கோடு. ஒரு காலில் மட்டும் செருப்பு. தக் விருந்தை முடித்துவிட்டுத்தான் ஆள் அனுப்பினார், வந்த சொந்தக்காரர்கள் முன்னால் மானம் போகக் கூடாதே.

"தன்யாங்காரி, உன் புருஷனைக் கூட்டிட்டுப் போ."

"கூப்பிட்டா வர்ற ஆளா அது? உடம்போட இருந்தப்பவே வந்ததில்லீங்க."

"ஒம்பது காளான் இருந்துச்சு. எண்ணிப் பாரு."

அவள் எண்ணினாள். எட்டரை. பிறகு தட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அவனைப் பார்த்தாள். "நான் ஆக்கினதுல எல்லாம் உப்பு பத்தலைம்ப. இப்ப பச்சையாவே இறங்குதா?" என்றாள். படத்தில் இருப்பவர்கள் பேசுவதில்லை. அவள் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தபோது அவன் முகத்தை அருவிப் பக்கம் திருப்பியிருந்தான்.

அவளுக்குப் பிரச்சினை காளான் இல்லை, கரண்டி. உயிரோடு இருப்பவனுக்குச் சோறு வைத்தால் கரண்டியைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் படுக்கவைக்க வேண்டும். செத்தவனுக்கு வைத்தால் சோற்றில் நட்டு நிறுத்த வேண்டும். முதல் வருஷத் திதியில் அவள் நட்டாள், விழுந்தது. சோற்றை அழுத்தி மறுபடி நட்டாள், மறுபடி விழுந்தது. சரி, உயிரோடுதான் இருக்கிறான் போல என்று படுக்கவைத்தாள். சோறு சாயங்காலம் வரை ஆறிக் கிடந்தது, யாரும் தின்னவில்லை. இவள் பெண்சாதியும் இல்லை, விதவையும் இல்லை. பிள்ளையும் இல்லாத வீட்டில், அவன் எந்தப் பக்கம் என்று தெரியாமலே இவள் கண்ணை மூடிவிட்டால், அப்புறம் அவனுக்குச் சோறு வைக்க ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். அவன் தெருவில் அலைகிற அனாதைப் பேயாகிவிடுவான். அதை நினைத்தால் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

வட்டார அலுவலகத்துக்குப் போய், சாவு எழுதியதை அடித்துவிடச் சொன்னாள். எழுத்தர் சின்னப் பையன், மூக்குக்கண்ணாடி போட்டிருந்தான்.

"அப்படிப் பண்ணணும்னா ஆள் நேர்ல வரணும்மா."

"நேர்ல வர்ற ஆளா இருந்தா நான் எதுக்கு உங்கிட்ட வர்றேன்?"

"இப்ப எங்க இருக்காரு?"

"போன வாரம் தோன்னேயில ஒரு கல்யாணத்துல. நாளைக்கு எங்கன்னு தெரியாது."

"அப்ப உயிரோடதானே இருக்காரு?"

"திங்கிறாரு. பேசமாட்டேங்கிறாரு."

"எங்க அப்பாவும் அப்படித்தாம்மா," என்று சொல்லி அவன் பேனாவை மூடிவிட்டான். அரசாங்கத்துக்குப் போனால் இதுதான் கிடைக்கும்.

அதற்கப்புறம் அவள் தட்டிக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தாள். எந்த வீட்டில் விசேஷம் என்று ஆலையில் விசாரித்துக்கொண்டு, ஒரு கிண்ணத்தையும் கரண்டியையும் துணியில் முடிந்து, விடிந்ததும் கிளம்பிவிடுவாள். மலைப்பாதை, பாலம் இல்லாத ஆறு, சேறு, பனி. கல்யாண வீட்டில் மணமக்கள் வணங்கி முடிந்ததும் ஓரமாகப் போய்ச் சோறு வைத்து, கரண்டியைப் படுக்கவைத்து, "உள்ளயா வெளியவா, ஒண்ணு சொல்லு," என்று கேட்பாள். அவன் அதற்குள் வேறு மடிப்புக்குப் போயிருப்பான். காலையில் பாறை மேல், மத்தியானம் ஆமை பக்கத்தில், மணமகளைப் பல்லக்கில் ஏற்றுகிற நேரத்தில் மானுக்குப் பின்னால். ஒன்பது நாளுக்கு மேல் ஒரு மடிப்பில் அவனைப் பார்த்தவர்கள் இல்லை. அவன் நடப்பதை யாரும் பார்த்ததும் இல்லை, எல்லோரும் கண்ணை எடுத்த நேரத்தில்தான் நடந்தான். தன்யாங்காரி எட்டு மடிப்பையும் ஒரே பார்வையில் வைத்துக்கொள்ளப் பழகினாள். அதனால் அவளுக்குக் கண் கொஞ்சம் விலகிப்போனது. பதினோரு ஜோடி ரப்பர் செருப்பு தேய்ந்தது. வீட்டுக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு அவளுக்கும் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் எடுத்துவைத்தார்கள். அவள் வராத கல்யாணத்தில் ஏதோ குறை என்று நினைக்கிற அளவுக்கு அது போனது.

எட்டாம் வருஷம் தலைநகர் சோலிலிருந்து பழம்பொருள் வாங்குகிறவன் ஒருவன் காரில் வந்தான். தக் அதற்குள் காளானை எண்ணி எண்ணி இளைத்துப் போயிருந்தார், ஐந்துதான் பாக்கி. விற்றுத் தொலைத்துவிடலாம் என்று தட்டியை விரித்தார். செய்தி கேட்டு தன்யாங்காரி கையில் மாவோடு ஓடிவந்து ஆலை வாசலில் நின்றாள். கார் நகர முடியாதபடி அதற்கு முன்னால் நின்றாள். வந்தவன் பூதக்கண்ணாடியால் மடிப்பு மடிப்பாகப் பார்த்தான். பார்த்துவிட்டு, படம் நல்லதுதான், ஆனால் பிற்பாடு எவனோ வியாபாரி ஒருவனை உள்ளே கிறுக்கிக் கெடுத்துவிட்டான், மேகத்துக்கு நடுவில் உப்பு மீன் வேறு, இதை யார் வாங்குவார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவனுக்குப் படிப்பு அதிகம். தல்சு அந்த நேரம் கொக்கின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவன் கவனிக்கவில்லை.

பதினேழாம் வருஷம், முட்டைக்கோஸை உப்பில் போடுகிற மாதத்தில், தன்யாங்காரி படுத்தாள். கால் இரண்டும் வீங்கிவிட்டன. சுன்னெதான் கஞ்சி கொண்டுவந்தாள். அவளுக்கு இப்போது நாற்பதுக்குப் பக்கம், அந்த உறைந்த துணி அத்தனை வருஷமும் அவள் மனசில் உருகவில்லை. ஊர்ப் பெண்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள், அதைச் சொல்ல இவளை அனுப்பியிருந்தார்கள்.

"அத்தை, இந்தத் தடவை துணி கட்டாம விட்டுடறோம். படத்தைப் பார்த்துக்கிட்டே நீங்களும் உள்ள போயிடுங்க. மாமாவோட சேர்ந்துடலாம்."

தன்யாங்காரி சிரித்ததில் கஞ்சி புரையேறியது. "சேர்ந்து? அது ஒண்ணாம் மடிப்புல இருந்தா நான் எட்டாம் மடிப்புல இருப்பேன். செத்தும் என்னை நடக்கச் சொல்றியாடி?"

"பாவம், அவரு தனியா இருப்பாரே."

"அந்தப் பெட்டியைத் திற. துணி இருக்கு, நானே நெய்தது. ரெட்டையா மடிச்சு, ஒரு நூல் இடைவெளி இல்லாம கட்டு. என் கண்ணு மூடலைன்னா நீயே மூடிவிடு. நான் நேரா போறேன்."

"அப்ப மாமா?"

"வரட்டும். நாடு பூரா நடந்த மனுஷன். வழி தெரியாதா?"

மூன்று நாள் கழித்து இறந்தாள். தட்டி வந்தபோது தல்சு ஏழாம் மடிப்பில் மான்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தான். காளான் இரண்டு பாக்கி. சுன்னெ துணியை ரெட்டையாக மடித்து, மூலைக்கு மூலை இழுத்துக் கட்டினாள். கண் இரண்டும் தானாகவே மூடியிருந்தன. அன்றைக்கு மத்தியானமே துணிக்குப் பின்னால் நடக்கிற சத்தம் கேட்டது. ஒரு கால் செருப்போடு, ஒரு கால் வெறுமனே. எட்டாம் மடிப்பிலிருந்து ஒன்றாம் மடிப்புக்கு, திரும்ப ஒன்றிலிருந்து எட்டுக்கு. அருவியில் இறங்குகிற சத்தம், கல் புரளுகிற சத்தம், மான்கள் சிதறி ஓடுகிற சத்தம். எதையோ வைத்த இடம் மறந்தவன் வீட்டைக் கிளறுகிற மாதிரி. அழ வந்தவர்கள் மாட்டிறைச்சிச் சூப்பைக் குடித்துக்கொண்டே கேட்டார்கள். பதினேழு வருஷமாக அவனைத் தேடி ஒருத்தி நடந்தாள், இப்போது அவன் முறை என்று ஒரு கிழவன் சொன்னான். மூன்றாம் நாள் காலையில் ஏதோ ஒரு கனமான மரச்சாமானை இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

பாடை கனத்தது. நாலு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். தூக்கிய எட்டுப் பேரும் மற்ற ஏழு பேரும் சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்து துணியை அவிழ்த்தால் பத்துப் பொருளும் அதனதன் இடத்தில் இருந்தன. மான்கள் கொஞ்சம் ஒதுங்கி நின்றன. தல்சு இல்லை. பைன் மரத்தில் அவன் முதுகுச்சட்டம் மட்டும் சாய்ந்திருந்தது. சுமையைக் காணோம், கயிறு சுருட்டித் தொங்கியது. அடுத்த வருஷத் திதிக்கு சுன்னெ இரண்டு கிண்ணம் சோறு வைத்து இரண்டு கரண்டியை நட்டாள். பூனை உரசிப் போனபோதுகூட அவை அசையவில்லை.

காளான் மறுபடி ஒன்பதானது. தக் அதைப் பார்த்துவிட்டு எண்பத்தெட்டு வரை இருந்தார், கடைசி வரை சொந்தப் பல்லில் தின்றார். தட்டி இப்போதும் கல்யாணத்துக்குப் போகிறது. அந்தப் பக்கத்தில் தலையணைக்குப் பூ வேலை செய்கிற பெண்ணும், பெட்டிக்குப் பித்தளை அடிக்கிறவனும், நீண்ட ஆயுளுக்கு என்று கேட்டால் பதினோரு பொருளைத்தான் செய்து தருகிறார்கள். சூரியன், மலை, தண்ணீர், பாறை, மேகம், மரம், காளான், ஆமை, கொக்கு, மான், சுமை இறக்கிய முதுகுச்சட்டம். வெளியூர்க்காரன் யாராவது வந்து பத்துதானே என்று கேட்டால், பாவம், எண்ணத் தெரியாதவன் என்று அவனுக்கு உட்கார இடம் காட்டுகிறார்கள்.