காலியாக ஓடிய தாடை

நான் தூங்கிக்கொண்டே, கையைக் காலை அசைக்காமல், வெறும் பல்லால் ஒரு வீட்டு மின்சாரத்தை நிறுத்தியவன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். உங்களுக்கு முன்பே என் மச்சான் சிரித்து முடித்துவிட்டார்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். நானும் அவரும் ஒரே மாவு மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நான் மேற்பார்வை, அவர் அரவைக் கல்லுக்குக் காவல். மேல்தொட்டியில் தானியம் தீர்ந்துவிட்டால் கல்லும் கல்லும் நேருக்கு நேர் உரசி, ஒன்றையொன்று தின்றுவிடும். அந்தச் சத்தம் யார் காதில் விழுந்தாலும், யாரையும் கேட்காமல் மெயின் சுவிட்சை இறக்கிவிட வேண்டும். விசாரணையெல்லாம் பிறகு.

நான் மில்லை விட்டு வந்தேன். மில் என் வாயை விட்டுப் போகவில்லை. படுத்தால் போதும், பல் அரைக்க ஆரம்பித்துவிடும். அலமாரியில் இருக்கும் கண்ணாடி டம்ளர்கள் காலையில் இடம் மாறி நிற்கும். தாடை பூட்டிக்கொள்ளும் வலியில், கொட்டாவியைக்கூடத் தவணை முறையில்தான் விட முடிந்தது. பல்லுக்கு மேல் மாட்டிக்கொள்ளப் பல் டாக்டரம்மா கொடுத்த உறையை ஒரே மாதத்தில் சல்லடையாக்கினேன்.

கடைசியில் மனைவி பெட்டியைத் தூக்கினாள்.

"எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். இத்தனை வருஷமா நான் சொல்றதை நம்பாத அந்த மனுஷன், சத்தம் நின்னுடுச்சுன்னு தன் வாயால சொல்லட்டும். அப்பத்தான் வருவேன். உங்க வாயை நம்புறதுக்கில்ல."

என் வாயைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

மறுபடி டாக்டரம்மாவிடம் போனேன். மச்சான் துணைக்கு வந்தார். துணை என்றால் கேலிக்கு. டாக்டரம்மா என் கன்னத்தில் விரல் வைத்து, "நல்லா இறுக்கிக் கடிங்க ஐயா" என்றார். கடித்தேன். காதுக்குக் கீழே தசை எலுமிச்சம்பழமாகத் திரண்டது. அவர் விரலை எடுத்துப் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"இந்தத் தசை தூக்கத்துல சம்பளமில்லாம ஓவர்டைம் பாக்குது. ஊசி போட்டுக் கொஞ்சம் தளர்த்தி விடுவோம். உடனே தெரியாது, பத்துப் பதினஞ்சு நாள் ஆகலாம். சில மாசம் தாங்கும், அப்புறம் மறுபடி பாப்போம். இன்னிக்குக் கன்னத்தைத் தேய்க்காதீங்க."

பென்சிலால் இரண்டு கன்னத்திலும் புள்ளி வைத்து, புள்ளிக்கு ஒரு குத்தாகக் குத்தினார். எறும்பு கடித்தது போலத்தான் இருந்தது. எறும்பு என்ன அளவு என்று நான் சொல்லவில்லை.

மச்சான் மெல்லக் கேட்டார்: "டாக்டரம்மா, இதே மருந்தைத்தானே முகச் சுருக்கத்துக்கும் போடுறாங்க?"

"ஆமா, அதுக்கும் போடுவோம்."

அவருக்கு அது போதும். தெருவில் இறங்கியதும் தொடங்கினார்.

"மாப்ள, பல்லு ஒரு சாக்கு. கண்ணாடி முன்னாடி நிக்க ஆசை வந்துடுச்சுன்னு நேரா சொல்லிடு."

"மச்சான், என் பல்லுச் சத்தத்துக்கு உங்க தங்கச்சி வீட்டை விட்டே போயிட்டா."

"என்ன சத்தம்? உன் கட்டில் கீச்சிடுது. ரெண்டு சொட்டு எண்ணெயில தீர்ற வியாதி. செருப்பு கடிச்சா செருப்புக்கு ஊசி போடுவியா?"

இவ்வளவு தெம்பாகப் பேசியவர் மறுநாள் மதியமே என் வீட்டு வாசலில் நின்றார். அவர் வீட்டில் தங்கை வந்து அவருடைய கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். அவர் படுப்பது சோபாவில். சோபா அவரைவிடக் குட்டை. அண்ணியும் நாத்தனாரும் ஒரே கட்சி. எதிர்க்கட்சிக்கு ரிமோட்கூடக் கிடையாது.

"நீ படு மாப்ள. நான் பக்கத்துல உக்காந்து கேக்குறேன். சத்தம் இல்லைன்னு சொல்லி, இன்னிக்கே அவளைக் கொண்டாந்து விட்டுடுறேன்."

"டாக்டரம்மா பத்து நாள்..."

"படுன்னா படு."

படுத்தேன். விழித்தபோது உடம்பெல்லாம் வியர்வை. மின்விசிறி நின்றிருந்தது. வாசல் பக்கம், முக்காலி மேல், ஒற்றைச் செருப்புடன், மெயின் சுவிட்சைப் பிடித்தபடி மச்சான் மூச்சிரைத்துக்கொண்டிருந்தார்.

"கரண்ட் போச்சா மச்சான்?"

"போச்சு."

"பக்கத்து வீட்டு டிவி பாடுதே."

"உன் வீட்டு போர்டுல ஏதோ கோளாறு. பாத்துட்டிருந்தேன்."

"தானியம் தீர்ந்துடுச்சோ?"

அவர் மெயினைத் தூக்கிவிட்டு, மூக்குக்கண்ணாடியை என் கட்டிலிலேயே மறந்து, விறுவிறுவென்று போய்விட்டார். போர்டில் கோளாறு என்ற கதையை அதன்பின் தெருவில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், சொல்லிவந்தார்.

அடுத்த வாரம் என் தாடை இளக ஆரம்பித்தது. அதற்கடுத்த வாரம் ஒரு கொட்டாவியை முழுசாக விட்டேன். கொசு ஒன்று உள்ளே போய், சாவகாசமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. மச்சான் மறுபடி வந்து உட்கார்ந்தார். நான் தூங்கி எழுந்தபோது அறையில் ஒரே ஒரு சத்தம்தான் இருந்தது. அது நாற்காலியில் சாய்ந்திருந்த அவருடைய குறட்டை.

எழுப்பி உட்காரவைத்து, தங்கைக்குப் போன் போடச் சொன்னேன். அறுபதைத் தாண்டிய தங்கை அவருக்கு இன்னும் பாப்பாதான். நான் ஸ்பீக்கரை அழுத்தினேன்.

"நின்னுடுச்சா அண்ணே?"

"சத்தமே இல்ல பாப்பா. நிக்கிறதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமே இல்லைன்னா நான் எதுக்கு இங்க வந்தேன்? நான் பொய்க்காரியா?"

"சே, அப்படிச் சொல்வேனா."

"இருந்துச்சு, இப்ப நின்னுடுச்சுன்னா வர்றேன். இருந்ததே இல்லைன்னா உன் கட்டில் எனக்கு நல்லாத்தான் இருக்கு. அண்ணி இந்த ரூமுக்குப் புதுத் திரைச்சீலை வேற தைக்கிறாங்க. பச்சையா நீலமான்னு கேக்குறாங்க."

மச்சானின் கை தானாக இடுப்புக்குப் போய், சோபா வளைத்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியை மிகுந்த பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓடுச்சு" என்றார்.

"என்னது? சரியா கேக்கல."

"காலிக் கல்லு மாதிரி ஓடுச்சு, பாப்பா. பதறிப்போய் நான்தான் மெயினை இறக்கினேன். இப்ப நின்னுடுச்சு. பெட்டியைக் கட்டு."