ஜூட் கடை டீயும் பல் சொத்தையும்

முதல் தடவை கரண்ட் போய், பாக்டீரியா வளர்க்கும் இன்குபேட்டர் ஆறிவிட்டது. அடுத்த தடவை தட்டுகளில் பூஞ்சை ஏறியது. ஏஞ்சல் மேரி எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். பெரம்பலூரில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் கடைசி வருஷம். பல்லைச் சொத்தையாக்கும் பாக்டீரியாவைத் தேயிலையிலுள்ள பாலிபீனால்கள் என்ற சத்து கட்டுப்படுத்துமா என்பதுதான் அவளுடைய ஆய்வு.

ஒரு காலையில் தட்டைத் திறந்தபோது முடிவு கிடைத்தது. தட்டிலிருந்த அகார் கூழ் முழுக்கப் பாக்டீரியா படர்ந்திருக்க, பச்சைத் தேயிலைச் சாற்றில் நனைத்த காகித வில்லையைச் சுற்றி மட்டும் தெளிவான ஒரு வளையம். அங்கே ஒன்றும் முளைக்கவில்லை. சந்தோஷத்தில் படம் எடுத்து அண்ணன் ஜூட்டுக்கு அனுப்பினாள். ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் அவன் டீக்கடை வைத்திருந்தான்.

ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருவிழாவுக்காக ஊருக்குப் புறப்பட்டவள், அண்ணனைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று முதலில் ஜெயங்கொண்டம் போனாள். கடை முகப்பில் அவள் அனுப்பிய படம் ஆள் உயர பிளெக்ஸாகத் தொங்கியது. பக்கத்திலேயே அவள் முகம். 'எங்கள் டீ பல் சொத்தையைத் தடுக்கும். ஆராய்ச்சியில் நிரூபித்தவர் ஏஞ்சல் மேரி.'

"அண்ணே, என்ன இது?"

"திருவிழாக் கூட்டம் பூரா இங்கதான் பஸ் மாறுது. கடை எப்படி ஓடுது பாரு. எல்லாம் உன் பேருக்குத்தான்."

அவள் பதில் சொல்வதற்குள் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். இடது கன்னம் வீங்கி, கண்ணே பாதி மூடியிருந்தது. வாய் சரியாகத் திறக்கவில்லை.

"நீதானாம்மா அந்தப் புள்ள? நான் மாயவன். அரியலூர்ல சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டறேன். ஒரு வாரமா இங்கதான் குடிக்கிறேன். வலி இன்னும் கேக்கல. ஸ்ட்ராங்கா போடச் சொல்லவா?"

ஏஞ்சல் அவர் கன்னத்தை உற்றுப் பார்த்தாள். "டாக்டர்கிட்ட காட்டலியாண்ணே?"

"இதுலயே சரியாயிடும்னு..." என்று பிளெக்ஸைக் காட்டினார்.

அவள் அவர் கையிலிருந்த கிளாஸை வாங்கிக் கீழே வைத்தாள். "வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம். அண்ணே, நீயும் வா. கடைய மூடு."

ஜூட் அடுப்பை அணைத்துவிட்டு வந்தான். ஆட்டோவில் ஏறியபோது மாயவன் உடம்பு அனலாகக் கொதித்தது. பல் டாக்டர் சீழை எடுத்துவிட்டு வெளியே வந்தார். "தாடைக்குள்ள எறங்கிடுச்சு. இன்னும் தள்ளிப்போட்டிருந்தா கழுத்துக்குப் போயிருக்கும். மூச்சே அடைச்சிருக்கும்" என்றார். மாயவனுக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். அவருடைய மனைவி வந்து சேரும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.

கடைக்குத் திரும்பும்போது ஜூட் மெதுவாகக் கேட்டான்: "என் டீயக் குடிச்சதாலயா அவருக்குச் சொத்தை வந்துச்சு?"

"இல்ல. ஆனா அத நம்பித்தான் அவரு டாக்டர்கிட்ட போகல."

"உன் தட்டுல வளையம் வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு. அது கெட்டியான தேயிலைச் சாறு. பால் கெடையாது, சக்கர கெடையாது. அதுவும் தட்டுல. வாய்ல எச்சில் இருக்கு, ஓயாம சாப்பாடு போவுது. அங்க என்ன நடக்கும்னு நான் இன்னும் பாக்கவே இல்ல. உன் டீயையும் சோதிக்கல."

"அப்ப சோதிச்சுப் பாரு. வளையம் வரலன்னா நானே கழட்டறேன்."

"அதுவரைக்கும் என் பேரு தொங்கக் கூடாது." கடை வந்ததும் பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினாள். கயிறு இறுகிப்போயிருந்தது, கத்தியால் அறுத்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஜூட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் பெஞ்சு ஆடியபோது அதைப் பிடித்துக்கொண்டான்.

கல்லூரிக்குத் திரும்பி, அண்ணன் கடை டீயையும் சோதிக்கிறேன் என்றபோது, அவளுடைய ஆய்வு வழிகாட்டி வெற்றிச்செல்வி மேடம் ஒப்புக்கொள்ளவில்லை. "ரிப்போர்ட் குடுக்கற நேரத்துல டீக்கடை டீயா? நல்ல ரிசல்ட் வந்திருக்கு, அதோட நிறுத்து."

"அந்த ரிசல்ட்ட நம்பி ஒருத்தர் சாகப் பாத்தாரு மேடம். ஜனங்க குடிக்கிறது இந்த டீதான். லேப்ல எல்லாரும் போனப்பறம் செய்யறேன், யாருக்கும் தொந்தரவு இருக்காது."

மேடம் மேஜை டிராயரைத் திறந்தார். லேப் சாவியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

ஜூட் போடும் அதே தூள், அதே அளவு பால், அதே அளவு சர்க்கரை. மறுநாள் தட்டைத் திறந்தாள். பாலும் சர்க்கரையும் கலந்த டீயின் வில்லையைச் சுற்றி வளையமே இல்லை; பாக்டீரியா விளிம்புவரை நெருங்கி வளர்ந்திருந்தது. அதே தூளில், இரண்டும் சேர்க்காமல் போட்ட டீக்கு மட்டும் மெல்லிய ஒரு வளையம். நம்பிக்கை வராமல் மறுபடியும் செய்தாள். அப்படியேதான் வந்தது. தேயிலையின் சத்தைப் பாலின் புரதம் பிடித்துவைத்துக்கொள்ளும் என்று படித்திருந்தாள். சர்க்கரையோ அந்தப் பாக்டீரியாவுக்கே தீனி.

ஜூட்டை போனில் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் பக்கம் பஸ் ஹாரன் அலறியது.

"பாலும் சக்கரயும் இல்லாம எவன் குடிப்பான்?" என்றான். அப்புறம், "மாயவன் அண்ணனப் போய்ப் பாத்தேன். கஞ்சி குடிக்கிறாரு. என்மேல கோவமே இல்ல. அதான் சங்கடமா இருக்கு... வர்றவங்க பிளெக்ஸ் எங்கன்னு கேக்கறாங்க. என்ன சொல்றது?"

"இருந்துச்சு, தப்பு, கழட்டிட்டோம்னு சொல்லு. பல்லு வலிச்சா டாக்டர்கிட்ட போகச் சொல்லு."

"டீ?"

"புடிச்சா குடிக்கட்டும்ண்ணே. மருந்துன்னு மட்டும் சொல்லாத."

"சரி" என்றான் ஜூட்.

இரண்டு முடிவுகளையும் அவள் ரிப்போர்ட்டில் எழுதினாள். 'தடுக்கும்' என்று கை போன இடத்தில் எல்லாம் நிறுத்தி, 'தட்டில் தடுத்தது' என்று திருத்தினாள். வாயில் என்ன நடக்கிறதென்று பார்க்காமல் விடுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு, ஆட்களை வைத்துச் சோதிக்க யார் அனுமதி தர வேண்டும் என்று விசாரிக்க மேடத்தின் அறையை நோக்கி நடந்தாள்.