மூடி இறுக்குபவள்

பெரியவள் நீர்மூழ்கியின் மூடியில் ஸ்பேனரைப் போட்டு, எதிரெதிரே இருந்த போல்ட்டுகளை மாறி மாறி இறுக்கிக்கொண்டிருந்தாள். மூடியின் நடுவில் இருந்த வட்டக் கண்ணாடி வழியாகச் சின்னவள் நாக்கைத் துருத்திக் காட்டினாள். எப்போதும் செய்வதுதான். மூடி போடும் நேரத்தில் உள்ளே இருக்கும் பயணிகளின் முகம் வெளுத்துப் போகும். வெளியிலிருந்து பூட்டிவிட்டால் உள்ளேயிருந்து திறக்க முடியாது என்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைக்கும். கையெழுத்துப் போடும்போது அதையெல்லாம் யார் படிக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துச் சின்னவள் ஏதாவது கோணங்கித்தனம் செய்வாள், எல்லோரும் சிரித்துவிடுவார்கள். அந்த நீர்மூழ்கியை ஓட்டுகிற இருக்கை தங்கச்சிக்குக் கிடைத்ததே இந்தக் கோணங்கித்தனத்தால்தான் என்பது பெரியவளின் தீர்மானமான எண்ணம்.

தேர்வுக்கு அக்காவும் தங்கச்சியும் சேர்ந்துதான் போனார்கள். மதிப்பெண் அக்காவுக்குத்தான் அதிகம். ஆனால் கம்பெனி முதலாளி, ஒரு படகுகூட ஓட்டத் தெரியாவிட்டாலும் எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடுகிற மனிதர், அவளை மேலும் கீழும் பார்த்தார். "வேலை உனக்குத்தான் நல்லாத் தெரியுது. ஆனா உன் மூஞ்சியைப் பாத்தா, காசு குடுத்து வர்றவன் பாதியிலயே மேல ஏத்துன்னு சொல்லிடுவான்."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்து வைத்தாள். தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் பெரியவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பாவம் பார்க்கிறாளாம், பெரிய இவள்.

அன்றிலிருந்து ஒருத்தி உள்ளே உட்கார, ஒருத்தி வெளியே நின்று மூடியை இறுக்குகிறாள். விளம்பரப் பலகையில் ஒருத்தியின் முகம் ஆளுயரத்துக்குச் சிரிக்கிறது. இன்னொருத்தியின் கை மட்டும் ஒரு மூலையில், ஸ்பேனரோடு, மங்கலாகத் தெரிகிறது. அந்தப் பலகை பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருந்ததால் பெரியவள் தினமும் அதைப் பார்த்துத் தொலைக்க வேண்டியிருந்தது.

நீர்மூழ்கிக்குச் சீமாட்டி என்று பெயர். கார்பன் நூலைச் சுற்றிச் சுற்றிப் பிசின் விட்டு வார்த்த உருளை அது. இரண்டு முனையிலும் கிண்ணம் மாதிரி உலோகம் ஒட்டியிருக்கும். ஆமாம், ஒட்டித்தான் இருக்கும். வெளிச்சம் எட்டாத ஆழத்தில் தானாக மினுக்குகிற உயிர்களைப் பார்க்க ஆசைப்படும் பணக்காரர்களை அதில் ஏற்றிக் கீழே கொண்டுபோய்க் காட்டுவதுதான் தொழில். வெளியாட்களை வைத்துச் சோதித்துச் சான்று வாங்கிவிடலாமே என்று யாராவது வாயெடுத்தால், "அவங்க வந்து பாத்து முடிக்கறதுக்குள்ள நமக்குத் தலை நரைச்சிடும்," என்பார் கேப்டன்.

கீழே இறங்கும்போது உருளையிலிருந்து சடசடவென்று சத்தம் வரும். உள்ளே ஒவ்வொரு நூலாக அறுகிற சத்தம். அதைக் கேட்பதற்கென்றே சுவரில் மைக்குகள் பொருத்தியிருந்தார்கள். முதல் பயணத்தில் வந்த சத்தம் அடுத்ததில் குறைந்தது, அதற்கடுத்ததில் இன்னும் குறைந்தது. "புதுக் கட்டில் கொஞ்ச நாளைக்குக் கிறீச்சுன்னு கத்தும். அப்புறம் பழகிடும்," என்று கேப்டன் விளக்கம் கொடுத்தார். அதிலிருந்து கம்பெனியில், சீமாட்டி சத்தம் போடாத நாள் நல்ல நாள் என்று ஆகிப்போனது. அறுகிற நூலெல்லாம் அறுந்து முடிந்தால் அப்புறம் சத்தம் எங்கிருந்து வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பெரியவளுக்குத் தோன்றியது. போன பயணத்தில் மேலே ஏறி வரும்போது உருளைக்குள் ஏதோ வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அளவுக் கருவிகள் காட்டிய கோடு பழைய கோடாகவே இல்லை. கேப்டனிடம் போய்ச் சொன்னாள். "சீசன் முடியட்டும், பிரிச்சுப் பாத்துடலாம்," என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அதனால்தான் வீட்டில் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே, "நீ அதுல இனிமே போகாதடி. உள்ள உடைஞ்சிருக்கு," என்றாள்.

சின்னவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "நெஜமாவாக்கா?"

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்."

சின்னவள் இடது கையால் போனை எடுத்து கேப்டனின் எண்ணைத் தேட ஆரம்பித்தாள். அப்போதுதான் அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள்.

"இவ சொல்றான்னு நீ ஆடாத. அந்த சீட்டு இவளுக்குக் கிடைக்கல. அந்த வயித்தெரிச்சல் இப்படியெல்லாம் பேச வைக்குது. நாளைக்கே நீ வரலன்னு சொன்னா, அந்த சீட்டுல யாரு போய் உக்காருவான்னு நினைக்கற?"

சின்னவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை, இல்லை என்று சொன்னால் போதும் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. பெரியவளுக்கு வாய் வரவில்லை. வயிற்றெரிச்சல் இருந்ததே. சின்ன வயதில் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா வேலைக்கு லீவு போட்டதும், தனக்கு வந்தால் மாத்திரையை மேஜையில் வைத்துவிட்டுப் போனதும் தொடங்கி, அது உள்ளே கனன்றுகொண்டேதான் இருந்தது. இருப்பதை எப்படி இல்லை என்பது. தான் சொன்னது பயத்திலா, எரிச்சலிலா என்று அவளுக்கே அந்த நிமிஷம் குழம்பிவிட்டது. எழுந்து போய்க் கை கழுவினாள். திரும்பி வந்தபோது சின்னவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசிப் போல்ட்டும் இறுகியது. சீமாட்டியைக் கடலில் இறக்கினார்கள்.

கீழேயிருந்து பேச முடியாது. சின்னச் சின்னச் செய்திகள்தான் திரையில் வரும், அதுவும் வந்து சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். மேலே கப்பலில் கேப்டன் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், பெரியவள் பின்னால் நின்றாள். கப்பலின் அடியில், யாரோ மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை.

"என்ன அது?" என்று கேப்டன் நிமிர்ந்தார்.

பெரியவள் திரையை எட்டிப் பார்த்தாள். அப்போது திரையில் ஒரு செய்தி வந்து விழுந்தது: "இன்னிக்கு சத்தமே இல்ல. அக்காகிட்ட சொல்லுங்க."

கேப்டன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பாத்தியா. உன் தங்கச்சியே சொல்லிட்டா. நீதான் சும்மா பயந்துட்டிருந்த."

அந்தச் செய்தி மூட்டைச் சத்தத்துக்கு முன்னால் கிளம்பியது என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் பெரியவள் மேல்தளத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அதன் பிறகு ஒரு செய்தியும் வரவில்லை. மறுநாள் மதியம் வாக்கில், தேடப் போன படகுக்காரர்கள் சில துண்டுகளை எடுத்துவந்தார்கள். உள்ளங்கை அகலத்துக்கு, நார் நாராக. உள்ளே போனவர்களைப் பற்றி அவர்களும் பேசவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

விசாரிக்க வந்த அதிகாரி நடுவயதுப் பெண். துறைமுக அலுவலகத்தில் பெரியவளை உட்கார வைத்து, "உள்ள உடைஞ்சிருந்தது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும். கேப்டன்கிட்ட சொன்னேன். வீட்லயும் சொன்னேன்."

கேப்டன் சுவரோரம் நின்றிருந்தார். சட்டை கசங்கி, ஒரே நாளில் ஆள் பாதியாகியிருந்தார். ஆனாலும் சொன்னார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. இவங்களுக்கு அந்த சீட்டு கிடைக்கல. அந்தக் கோவத்துல எதையாவது சொல்லிட்டேதான் இருப்பாங்க. நாங்க யாரும் பெருசா எடுத்துக்கல."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கோவம் இருக்கட்டும் சார். போன பயணத்துல அந்தச் சத்தம் கேட்டுதா, இல்லையா?"

"கேட்டுது," என்றாள் பெரியவள்.

"அவங்களைக் கேக்கல. உங்களைக் கேக்கறேன் சார்."

கேப்டன் தரையைப் பார்த்தார். கோபத்தையும் சத்தத்தையும் இப்படித் தனித்தனியாகப் பிரித்து வைக்க முடியும் என்று பெரியவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்று சாப்பாட்டு மேஜையில் தெரிந்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

வீட்டில் கூடம் நிறைய ஆட்கள். அடக்கம் செய்ய உடல் இல்லாததால் வந்தவர்களுக்கு எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. விளம்பரப் படத்தையே யாரோ சின்னதாக்கி, சட்டம் போட்டு, சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். எல்லோரும் அதன் முன்னால் நின்றுவிட்டு நகர்ந்தார்கள். மூலையில் இருந்த கையைச் சட்டம் போட்டவர் வெட்டிவிட்டிருந்தார். செத்தும் அவள்தான் நடுவில், என்று ஒரு நினைப்பு வந்தது பெரியவளுக்கு. வந்த வேகத்தில் அவளுக்கே தன்மேல் கூசியது. ஆனாலும் நினைப்பு போகவில்லை. அந்த இருக்கையில் நான் உட்கார்ந்து போயிருந்தால் அம்மா இப்படிச் சுருண்டு கிடப்பாளா என்று அடுத்த நினைப்பும் வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

சித்திதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். நாற்காலி போட்டாள், டீ கொடுத்தாள், சத்தமாகப் பேசிய ஆண்களை வாசலுக்கு அனுப்பினாள். பெரியவளைப் பார்த்ததும், "உங்கம்மா ஒரு வாய் தண்ணிகூட இறக்கலடி. நீயாவது போய்ச் சொல்லு," என்றாள்.

அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர், ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்: "அவளைப் போக வேண்டாம்னு நீ முன்னாடியே சொன்னியாமே. பாவம், கேட்டிருந்தா இன்னிக்கு இருந்திருப்பா."

உள்ளறையில் சின்னவளின் கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் தூக்கினாள். கதவு திறந்துதான் இருந்தது.

"உள்ள வா. கதவைச் சாத்து," என்றாள்.

பெரியவள் தட்டில் கொஞ்சம் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். அம்மாவின் கண் வற்றிப்போயிருந்தது. தலையணை உறையின் ஓரத்தை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"அன்னிக்கு சொன்னியே," என்றாள் அம்மா கடைசியில். "அது நெஜமாவே பயந்து சொன்னதா?"

பெரியவள் தட்டைக் கட்டில் மேல் வைத்தாள்.

"அவ போனைக் கையில எடுத்தாளே," என்றாள் அம்மா. "நம்பரைக்கூடத் தேடினா. நான்தான்..." விரல் தலையணை உறைக்குள் சிக்கி, நுனி வெளுத்துப்போயிருந்தது.

பதில் பெரியவளின் வாயிலேயே இருந்தது. பயந்துதாம்மா சொன்னேன், நீதான் கேட்கவிடவில்லை. காலையில் அந்த அதிகாரியிடம் சொன்னதில் பாதிதான் அது. சொல்ல வேண்டும் என்று எத்தனை வருஷத்து ஆத்திரம் உள்ளேயிருந்து முட்டியது. சொல்லிவிட்டால் இனி ஒருநாளும் அம்மா அவளை அந்த மாதிரிப் பேச மாட்டாள். அப்புறம் அம்மா என்ன ஆவாள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"வயித்தெரிச்சல்தாம்மா," என்றாள்.

அம்மா அவளையே பார்த்தாள்.

"அவ அந்த சீட்டுல உக்காந்ததுலேர்ந்தே எனக்குத் தாங்கல. அவளை எறக்கிவிடணும்னுதான் சொன்னேன்."

"அப்ப அந்தச் சத்தம்?"

"எப்பவும் கேக்கற சத்தம்தான். நான்தான் பெருசு பண்ணேன்."

"இப்படி ஆகும்னு யாருக்கும் தெரியாதா?"

"யாருக்கும் தெரியாதும்மா."

அம்மாவின் நெஞ்சு ஒருமுறை பெரிதாக ஏறி இறங்கியது. விரல் உறையிலிருந்து தானாகக் கழன்றது. "எனக்குத் தெரியும்டி," என்றாள். "உன்னைப் பெத்தவளுக்கு உன்னைத் தெரியாதா."

அவ்வளவு சீக்கிரம் நம்புவாள் என்று பெரியவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு பேச்சுக்காவது, நீ அப்படிப்பட்டவ இல்லையே என்று கேட்டிருக்கலாம். சின்னவள் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாள். இந்த நிலையிலும் அது அப்படியே சுருக்கென்று வயிற்றில் இறங்கியது.

அவள் சாப்பாட்டைப் பிசைந்து ஒரு வாய் எடுத்து நீட்டினாள். அம்மா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தட்டை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சித்தியை வரச் சொல்லு," என்றாள். "நீ வெளிய போ."

பெரியவள் கையிலிருந்ததைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். சித்தி உள்ளே போனாள். கூடத்தில் இருந்த பக்கத்து வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி, "அம்மா ஏதாவது சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார்.

"சாப்பிடறாங்க," என்றாள் பெரியவள்.