முந்நூறு லிட்டர் சொகுசு

என் வீட்டுக்காரருக்கு ஆசை என்று ஒன்று வந்ததே அறுபது வயதுக்கு மேல்தான். அதுவரை செருப்பு அறுந்தால் ஒட்டிப் போட்டுக்கொள்வார், குடைக் கம்பி உடைந்தால் நூல் கட்டிக்கொள்வார், நான் வாயைத் திறந்து எதையாவது கேட்டால் "இப்ப என்ன அவசரம்?" என்பார். ஓய்வு பெற்ற மறுநாளே மனிதருக்குக் கொம்பு முளைத்துவிட்டது. பேப்பரை விரித்தால் செய்தி படிப்பதில்லை. விளம்பரத்தை வரி விடாமல் படித்துவிட்டு, "இதெல்லாம் நமக்கு எப்ப?" என்று பெருமூச்சு விடுவார்.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. ரிட்டயர் ஆனவர்கள் கையில் காசு வந்தால் நடக்கிற கூத்து எங்கள் கட்டடம் முழுக்க நடந்துகொண்டுதான் இருக்கிறது. மேல் வீட்டு டைப்பிஸ்ட் வீட்டுக்குள்ளேயே நடக்கிற மெஷின் ஒன்று வாங்கினார். இன்று அதில் அவர் மனைவி போர்வை காயப்போடுகிறாள். என் நாத்தனார் வீட்டில் மசாஜ் நாற்காலி. நாத்தனார் புருஷன் வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர். இப்போது பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு அந்த நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, தலை முதல் கால் வரை நடுங்கிக்கொண்டிருக்கிறார். அதற்குப் பெயர் சுகமாம். காசு கொடுத்து ஒரு மனிதன் குளிர்ஜுரத்தை வாங்குவதை அன்றுதான் பார்த்தேன்.

"அண்ணா, நீயும் இப்படி ஒண்ணு வாங்கேன். காலம் பூரா வால்வு திருகித் திருகியே கை போச்சு உனக்கு," என்றாள் நாத்தனார்.

என் வீட்டுக்காரர் குடிநீர் நிலையத்தில் வால்வு ஆபரேட்டராக இருந்தவர். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர், எவ்வளவு நேரம் என்பது முப்பத்து நான்கு வருடம் அவர் கையில் இருந்தது. தங்கை சொன்னது மனிதருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. வீடு வந்து, செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "நாம பாத் டப் வாங்குறோம்."

சிரித்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு நெஞ்சு ஒரு நிமிடம் நின்று போனது.

நான் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இஸ்திரி போட்டவள். முப்பத்தொரு வருடம் நின்றுகொண்டே. நான் கொஞ்சம் உயரம். கூட வேலை பார்த்தவர்கள் ஒட்டகம் என்று கூப்பிடுவார்கள். ஒட்டகத்துக்கு முட்டிதான் முதலில் தேய்ந்தது. எங்கள் பிரிவுக்கு எதிரிலேயே முட்டிவலிக்காரர்களை வெந்நீர்த் தொட்டியில் படுக்க வைக்கிற அறை. அங்கிருந்து வருகிற துண்டுகள் எங்களிடம்தான் வரும். கூடையில் கை விட்டால் சில நாள் இளஞ்சூடாக இருக்கும். அந்த அறையைப் பொறுத்தவரை எனக்குத் தெரிந்தது அந்தச் சூடு மட்டும்தான். ஊழியர்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த மாதிரி வெந்நீரில் காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. இவரிடம் மட்டும் கல்யாணமான புதிதில் சொன்னேன். அப்போதும் "இப்ப என்ன அவசரம்?" என்றுதான் கேட்டார்.

"உன் முட்டிக்காகத்தான்," என்றார் இப்போது. "வெந்நீரை ரொப்பிட்டு, காலை நீட்டிப் படுத்துக்கோ. ராணி மாதிரி."

ராணி என்ற வார்த்தையில் கவிழ்ந்தேன். இந்த வயதில் இப்படிக் கவிழ்ந்தோமே என்று இன்றும் என் மேல் எனக்கே கோபம்.

குளியலறையை ஒட்டி ஒரு சின்ன அறை உண்டு. என் கட்டில், என் ரேடியோ, ஒரு ஜன்னல். வீட்டில் நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற ஒரே இடம். டப் வைக்க அந்தச் சுவரை இடிக்க வேண்டும் என்றார். இடியுங்கள் என்றேன். கட்டில் கூடத்துக்கு வந்தது, ரேடியோ பரணுக்குப் போனது.

கடைக்குப் போனோம். விற்கிற பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். "யாருக்கு சார்? உங்க உயரம் என்ன, மேடம் உயரம் என்ன?"

"அதெல்லாம் இருக்கட்டும்மா. இது எவ்வளவு பிடிக்கும்?"

"எது சார்?"

"தண்ணிதான்."

அவள் புத்தகத்தைப் புரட்டினாள். அவர் ஒவ்வொரு டப்பாக விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார், முழங்கை வரை உள்ளே விட்டு ஆழம் பார்த்தார். எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். நான் அடுத்த வரிசையில் துண்டுகளைத் தடவிக்கொண்டிருந்தேன். ஆயிரக்கணக்கில் துண்டு மடித்த கை, ஒன்றுகூட என்னுடையதில்லை. கனமான வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்தேன். அந்தப் பக்கம் பெண்ணின் குரல் கேட்டது. "முந்நூறு லிட்டர் சார். நல்ல ஆழம். ஆனா சார், இது..."

"ஆனாவெல்லாம் வேண்டாம்மா. பில்லைப் போடு."

டப் வந்தது. வெள்ளைவெளேர் என்று, உயரமாக, அந்த இடத்தையே அடைத்துக்கொண்டு நின்றது. பார்க்க நாத்தனாரும் புருஷனும் வந்தார்கள். "உள்ள இறங்கித்தான் காட்டுங்களேன் அண்ணி," என்றாள். ஓரத்தில் பூசிய பசை காய இரண்டு நாள் ஆகும் என்று பிளம்பர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் இரண்டு நாளும் பொறுத்தேன். முப்பத்தொரு வருடம் பொறுத்தவளுக்கு இரண்டு நாள் பெரிதில்லை.

மூன்றாம் நாள் காலையில் அறிவிப்பு வந்தது. பெரிய குழாயில் பழுது, மதியத்திலிருந்து ஒரு நாள் தண்ணீர் வராது. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மாப்பிள்ளைக் களை. ஓடிப்போய் டப்பை விளிம்பு வரை நிரப்பினார். தூசி விழக்கூடாதாம். இடித்த அறையின் கதவு மாடிப்படியடியில் சாத்தி வைத்திருந்தது. அதை ஓரத்தில் அறுத்து அளவாக்கி மேலே மூடினார். என் அறைக் கதவு. தாழ்ப்பாள்கூட அதிலேயே இருந்தது.

மறுநாள் தண்ணீர் வழக்கம்போல் வந்தது. நான் புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

"இவ்வளவையும் சாக்கடையில விடச் சொல்றியா?" என்றார். பெற்ற பிள்ளையை வெளியே தள்ளச் சொன்ன மாதிரி ஒரு பார்வை. "ரெண்டு நாள் தண்ணிம்மா அது!"

"குளிக்கத்தானே வாங்கினோம்?"

"குளிக்கலாம், குளிக்கலாம். இப்ப என்ன அவசரம்?"

ஆறு மாதம் ஆயிற்று. வாரம் ஒரு முறை பழைய தண்ணீரை வாளி வாளியாக மொண்டு கழிப்பறைக்கும் செடிக்கும் ஊற்றுவார். புதுத் தண்ணீரை நிரப்பிக் கதவை மூடுவார். தினமும் அந்த டப்பின் பக்கத்தில் நின்றுகொண்டு, பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்து, மக்கில் மொண்டு மொண்டு குளிப்பார். நானும் அப்படித்தான், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு. என் துண்டு விலைச்சீட்டோடு அலமாரியில் கிடந்தது.

வருகிறவர்களுக்கெல்லாம் கதவைத் தூக்கிக் காட்டுவார். "முந்நூறு லிட்டர். ஊரே காஞ்சாலும் எங்களுக்கு ரெண்டு நாள் கவலையில்ல." நடுங்குகிற நாற்காலிக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "பிரமாதம் மச்சான்," என்று தலையை ஆட்டினார். ஜாடிக்கேற்ற மூடி.

போன வாரம் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, முட்டி எப்படி இருக்கு? டப்புல தினமும் ஊறுறீங்களா?"

"ஊறாம என்ன? தினமும்தான்," என்றேன்.

"கொடுத்து வச்சவங்க நீங்க."

போனை வைத்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதரின் பெருமைக்கு நான் பொய் வேறு சொல்ல வேண்டுமா? அவர் முடி வெட்டிக்கொள்ளக் கீழே போயிருந்தார். எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்திலேயே சலூன். நல்லது என்று எழுந்தேன்.

கதவைத் தூக்கி நகர்த்துவதற்குள் முட்டி இரண்டும் என்னைத் திட்டின. கையைத் தோள்வரை விட்டுச் சங்கிலியைப் பிடித்து அடைப்பானை இழுத்தேன். முந்நூறு லிட்டரும் குடுகுடுவென்று குழாயில் இறங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க எனக்கு வயிறு குளிர்ந்தது. பிறகு அடைப்பானைப் போட்டு வெந்நீரைத் திறந்தேன். ஆவி வந்து கண்ணாடி மறைந்தது. துண்டின் விலைச்சீட்டைக் கத்தரித்தேன். தாழ்ப்பாள் போட்டேன். விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக உள்ளே வைத்து, மெல்ல உட்கார்ந்து, காலை நீட்டினேன்.

பாதம் சுவரில் இடித்தது.

இன்னும் பின்னால் தள்ளி உட்கார்ந்தேன். முதுகு இந்தப் பக்கம் ஒட்டிவிட்டது. பாதம் அந்தப் பக்கம். முட்டி இரண்டும் என் முகவாய்க்கு நேராக, தண்ணீருக்கு வெளியே, குளிரில். ஒருக்களித்துப் பார்த்தேன். மூலைக்கு மூலை படுத்துப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் ஒட்டகம் அடங்கவில்லை. வெந்நீர் கழுத்து வரை இருந்தது. எந்த முட்டிக்காக வாங்கினாரோ அந்த முட்டி மட்டும் நனையவில்லை.

அப்போதுதான் கடை ஞாபகம் வந்தது. அந்தப் பெண் "ஆனா சார்" என்று ஆரம்பித்தது இதைச் சொல்லத்தான். இது காலை மடித்து உட்காருகிற டப். உயரத்தைக் கேட்டவளிடம் இவர் லிட்டரைக் கேட்டார். மனிதர் டப் வாங்கக் கடைக்குப் போகவே இல்லை. தண்ணீர்த் தொட்டி வாங்கப் போனார். நான் பக்கத்து வரிசையில் துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. ஆவியில் யாருக்குத் தெரியப் போகிறது என்று நன்றாகவே அழுதேன்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். சலூன் சுவரை ஒட்டித்தான் எங்கள் கழிவுநீர்க் குழாய் இறங்குகிறது. குழாய்ச் சத்தத்தை வைத்தே எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்கிறவர் என் வீட்டுக்காரர். இறங்கியது எங்கள் தண்ணீர்தான் என்று நம்புவதற்கு அவருக்கு இவ்வளவு நேரம் பிடித்திருக்கும். "சார்! இன்னொரு பக்கம் வெட்டலை சார்!" என்று சலூன்காரர் கீழேயிருந்து கத்துவது கேட்டது.

குளியலறைக் கதவு அதிர்ந்தது. "தண்ணியைத் திறந்து விட்டுட்டியா?"

"ஆமாங்க."

"எல்லாத்தையுமா?"

"ஒரு சொட்டு விடாம."

மூச்சு வாங்குவது கேட்டது. "உள்ள என்ன பண்றே?"

"டப்புல உட்கார்ந்திருக்கேன். ராணி மாதிரி."

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "காலை நீட்ட முடியுதா?" என்று கேட்டார்.

சோறு ஆயிற்றா, சட்டை எங்கே, சாவி எங்கே என்று இத்தனை வருடம் கேட்ட வாய். என் காலைப் பற்றிக் கேட்டது இதுதான் முதல் தடவை. சொன்னால் வெட்கக்கேடு, எனக்கு மனது இளகியே விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"முடியலைங்க. சுவத்துல இடிக்குது. முட்டி நனையவே மாட்டேங்குது."

ஓர் "அடடா" போதும் என்று காத்திருந்தேன். அதற்கு மேல் எதுவும் கேட்டிருக்க மாட்டேன்.

"அப்படின்னா," என்றார், குரலில் புது உயிரோடு, "மறுபடி ரொப்பி வச்சிடலாம்ல?"

இடது கால் விரலால் அடைப்பானின் சங்கிலியைக் கவ்வி இழுத்தேன். வலது பாதத்தால் குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன். தண்ணீர் மேலே கொட்டக் கொட்டக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. முப்பத்து நான்கு வருடம் தண்ணீர்ச் சத்தத்திலேயே பழகிய காது. இரண்டு சத்தமும் அவருக்குத் தனித்தனியாகக் கேட்டிருக்கும். கதவைத் தட்டு தட்டென்று தட்டினார். என் கால்களுக்குச் சங்கிலியும் குழாயும் மட்டும் நன்றாகவே எட்டின.