செவலையின் பயம்

டொக்டர் சுதர்ஷினியின் சட்டையெல்லாம் எங்கள் பசு செவலையின் இரத்தம். குற்றம் என்னுடையது. அவர் ஊசியில் எடுத்த இரத்தத்தைக் குப்பியில் விடும் நேரம் பார்த்து, மேலே கல்குவாரியில் வெடி போட்டார்கள். செவலை துள்ளியது. கயிற்றைப் பிடித்திருந்த வீரன் நான், அதைவிடப் பெரிதாகத் துள்ளி, குப்பியைத் தட்டிவிட்டேன்.

"மாட்ட டொக்டர் பாத்துக்குவாங்க, உங்கள யாருங்க பாக்குறது?" என்றாள் என் மனைவி விஜயகலா.

டொக்டர் சிரிக்காமல் இன்னொரு குப்பியில் இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்.

குவாரி வந்து நாலு மாதம். தினமும் காலை ஒரு வெடி, பின்னேரம் ஒரு வெடி. ஆறு போத்தல் பால் தந்த செவலை ஒன்றரைக்கு வந்துவிட்டது. மயிர் கொத்துக் கொத்தாய்க் கொட்டியது. வெள்ளிக்கிழமை மாட்டு யாவாரி லொறியோடு வருகிறான். பால் வற்றிய மாட்டை அவன் எங்கே கொண்டுபோவான் என்று எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

யாரைத்தான் கேட்கவில்லை? தோட்ட ஆபீசில், "லெட்டர் குடுங்க, பாப்போம்." மூன்று கொடுத்தேன், பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். முன்பு வந்த மிருக வைத்தியர், "புண்ணாக்கக் கூட்டுங்க." கூட்டினேன், கொழுத்தது கடைக்காரன். குவாரி மேனேஜரோ, "மாட்டுக் காதுல பஞ்சு வச்சுப் பாருங்க ஐயா" என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மலையே பிளந்திருக்க வேண்டும். ஆனால் மேனேஜருக்கு முன்னால் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து மாட்டுப்பட்டியில் நின்றுதான் சத்தம் போட்டு அவனைக் கிழிப்பேன். காலையில், பகலில், சாணி அள்ளும்போது. திருப்பிப் பேசாத ஆள் செவலை மட்டும்தானே.

வியாழக்கிழமை டொக்டர் இரத்தச் சோதனைக் கடதாசியோடு வந்தார்.

"லெட்டரு, புண்ணாக்கு, பஞ்சு எல்லாம் கேட்டாச்சுங்க. நீங்களாவது நேரா சொல்லுங்க."

"தைரொயிட் சுரப்பு கொறஞ்சிருக்கு. சுரப்பியில நோய் இல்ல. ஓயாம பயந்துக்கிட்டே இருந்தா ஒடம்பு அத அமுக்கி வச்சிரும். பாலும் மயிரும் அதோட போகும். விக்காதீங்க, பட்டிய மலைக்கு அந்தப் பக்கம் மாத்துங்க. வெடிச்சத்தம்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன், தோட்டத்துப் பெரிய தொரைக்கிட்ட குடுங்க."

"கேட்டியா விஜயா! அந்தப் பஞ்சுக்காரப் பயல..." என்று நான் போட்ட சத்தத்தில் செவலை கயிறு இறுகப் பின்வாங்கி, சுவரோடு ஒட்டி நடுங்கியது.

டொக்டர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இன்னொரு காரணமும் இருக்கு. அத எழுதல."

"என்னங்க அது?"

"குவாரி ஒரு நாளைக்கு ரெண்டு தடவதான் வெடிக்குது. மத்த நேரமெல்லாம் நீங்க."