அவள் நிறுத்தச் சொன்ன இடங்கள்

கொரியாவின் கிழக்குக் கரையில், ஜுமுன்ஜின் துறைமுகத்திலிருந்து மலைக்கு அந்தப் பக்கத்து உணவகங்களுக்குக் கணவாய் மீன் கொண்டுபோகும் ஓக் சாங்கூனின் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். அணைந்ததும் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டின் கதவு தானாகத் திறக்கும், ஓர் ஆள் இறங்கிப் போய்த் திரும்புகிற நேரம் கழித்துத் தானாகச் சாத்திக்கொள்ளும், அப்புறம் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். அந்த வசந்தத்தில் மீன் வரத்து குறைந்து பெட்டி விலை எக்கச்சக்கமாக ஏறியிருந்ததால் ஊரில் பேச்சு முழுக்க விலையைப் பற்றித்தான் இருந்தது. பழைய கார், மூச்சு வாங்குகிறது என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். சாங்கூன்தான் நடுரோட்டில் மாட்டிக்கொண்டார். பெட்டியில் பனிக்கட்டி உருகிக்கொண்டிருக்கும், பின்னால் சிமெண்டு லாரிகள் முட்டுவதுபோல் வந்து நிற்கும், கதவு மட்டும் அவசரமில்லாமல் திறந்தே கிடக்கும்.

மெக்கானிக் தல்சூ அவருக்குப் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்பு. எதையும் அடித்துச் சொல்லுகிற ரகம். முதலில் டீசல் பில்டர்தான் என்றான், மாற்றினான். கார் பாலத்து மேல் நின்றது. பம்ப் என்றான், அதையும் மாற்றினான், சுரங்கப்பாதைக்குள் நின்றது. அப்புறம் சென்சார். ஒவ்வொரு தடவையும் கழற்றிய பழைய சாமானை, வயிற்றிலிருந்து எடுத்த கல்லைக் காட்டும் டாக்டர்போல உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். கதவின் பூட்டை மட்டும் வெட்கப்பட்டு இலவசமாக மாற்றிக் கொடுத்தான். கடைசியில் சோதனைக் கருவியைக் காரில் மாட்டிக்கொண்டு பின்சீட்டில் அவனே உட்கார்ந்து வந்தான். மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தின் வாசலில் கார் அணைந்தது, கதவு திறந்தது. தல்சூ கதவைப் பார்த்தான், கருவியைப் பார்த்தான்.

"மெஷின்ல ஒரு கோளாறும் காட்டல, அண்ணே. கதவு தெறந்திருக்குன்னுகூடக் காட்டல."

இனி மாற்ற மிச்சமிருப்பது இன்ஜினின் கம்ப்யூட்டர் பெட்டிதான், அதன் விலைக்கு இதுபோல இரண்டு பழைய கார் வாங்கலாம், அதை மாற்றினாலும் கார் வழியில் நிற்காது என்று தன்னால் சத்தியம் பண்ண முடியாது என்றான். பழைய டீசல் காரை ஒழித்தால் நகராட்சி ஒரு தொகை தருகிறது, வாங்கிக்கொண்டு தலைமுழுகிவிடுங்கள் என்றான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காரைத் தேர்ந்தெடுத்தது சாங்கூனின் மனைவி சுன்ரே. வாங்கிய அன்று துறைமுகத்தில் நிறுத்தி, பன்றித் தலையும் சிவப்புப் பயறு போட்ட அரிசிக் கேக்கும் வைத்துப் படையல் போட்டு, நாலு சக்கரத்திலும் அரிசிக் கள் ஊற்றி, வெள்ளை நூல் சுற்றிய ஒரு புகோக் கருவாட்டை டிக்கியில் வைத்தவளும் அவள்தான். வாய் திறந்து, கண் மூடாமல் காய்ந்த மீன் அது. வண்டியை நோக்கி வருகிற கெட்டதையெல்லாம் அந்த வாய் விழுங்கிக்கொள்ளும், வண்டி இருக்கும்வரை அதைத் தொடக்கூடாது. போன வருஷத்துக்கு முந்தைய இலையுதிர் காலத்தில், மலையிலிருந்து இறங்கி வரும்போது, அவள் அந்த முன்சீட்டிலேயே இறந்துபோனாள். தூங்குகிறாள் என்று நினைத்துத் துறைமுகம்வரை ஓட்டி வந்து, பெட்டிகளையெல்லாம் இறக்கிய பிறகுதான் சாங்கூன் அவளை எழுப்பப் பார்த்தார்.

எடைக்குப் போடும் முன் டிக்கியைக் காலி பண்ணலாம் என்று திறந்த தல்சூ, குனிந்தவன் குனிந்தபடியே கேட்டான்.

"அண்ணே, புகோ எங்க?"

சாங்கூன் கையுறையைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். "சூப்பு வச்சுட்டேன்."

"எதை?"

"அதைத்தான். அவளுக்குத் திதி கும்பிட்ட மறுநாள். ராத்திரி குடிச்சது தலையப் பொளந்துச்சு. எப்பவும் அவதான் கருவாட்டை இடிச்சு சூப்பு வச்சுக் குடுப்பா. அலமாரியெல்லாம் தேடிட்டேன், வீட்டுல ஒரு துண்டு இல்ல."

"காவலுக்கு வச்ச மீனை யாராச்சும் திம்பாங்களா?" தல்சூ டிக்கியைச் சாத்தினான். கொஞ்ச நேரம் கழித்து, "முட்டை ஊத்தினீங்களா?" என்றான்.

"ஊத்தினேன். கசந்துச்சு."

கசக்காமல் என்ன செய்யும் என்றான் தல்சூ. இத்தனை வருஷமாக அந்த வாய் விழுங்கி வைத்ததையெல்லாம் கொதிக்கவைத்து வெளியே விட்டுவிட்டீர்கள், அதுதான் ரோட்டில் அங்கங்கே கிடந்து காரை மறிக்கிறது; புது மீன் ஒன்று வாங்கி நூல் சுற்றி வைத்தால் தீர்ந்தது, பில்டர் விலைகூட ஆகாது. பம்ப்பைச் சொன்ன அதே தோரணையில்தான் இதையும் சொன்னான், ஆனால் இந்தத் தடவை சரியாகச் சொன்னான். மறுநாளே சந்தையில் நல்ல மீனாகப் பார்த்து வாங்கி, நூலைச் சுற்றி, பட்டறை அலமாரியில் தயாராக வைத்தான்.

அதை டிக்கியில் வைப்பதற்குள் சியோலிலிருந்து மகள் யோன்ஜு வந்தாள். அப்பா ஒரு நாள் லாரிக்கடியில் போகப்போகிறார் என்று பயந்து, காரை ஒழித்துவிட்டுத்தான் திரும்புவது என்ற முடிவோடு வந்தவள். ஒரு நடை கூடப் போய்ப் பார்த்துவிடலாம் என்று ஏறினாள். சின்ன வயதுப் பழக்கம், முன்சீட்டு காலியாக இருந்தும் பின்னால்தான் உட்கார்ந்தாள். வேகச்சாலை முடிகிற இடத்தில், இப்போது பெட்ரோல் பங்க் இருக்கும் வளைவில் கார் அணைந்து கதவு திறந்தது. யோன்ஜு முன்சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டி வெளியே பார்த்தாள்.

"அப்பா, இங்க அம்மா நிறுத்தச் சொன்னா."

"எப்ப?"

"எனக்குப் பரீட்சை வருஷம். 'யோன்ஜு அப்பா, கொஞ்சம் நிறுத்துங்க, ஒதுங்கணும்'னா. நீங்க மீன் கெட்டுரும்னீங்க. வீடு வர்ற வரைக்கும் காலை இறுக்கிக்கிட்டு வந்தா. எங்கிட்ட ஜாடை காட்டிச் சிரிச்சா வேற."

சாங்கூனுக்கு அது ஞாபகமே இல்லை. அதுதான் அவரைக் குத்தியது. ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மறுத்திருந்தால்கூட ஒரு சண்டை என்று ஆகியிருக்கும். இவர் காதிலேயே வாங்கவில்லை; வாங்காததை டிக்கியிலிருந்த மீன்தான் விழுங்கி வைத்திருந்தது. கதவு சாத்திக்கொண்டது, கார் கிளம்பியது. யோன்ஜு காரை ஒழிப்பதைப் பற்றி அப்புறம் பேசவில்லை. புது மீனை வைத்துவிடுங்கள் என்று மட்டும் கெஞ்சிவிட்டு ஊருக்குப் போனாள்.

அவர் வைக்கவில்லை. அந்தக் கோடை முழுக்கக் கார் நின்ற இடத்திலெல்லாம் அவரும் இறங்கி நின்றார். முன்னால் நின்ற இடங்களுக்கும் இப்போது காரணம் விளங்கியது: மூடிப்போன பள்ளிக்கூடம் அவள் படித்தது, மகளுக்குக் காட்ட ஆசைப்பட்டிருக்கிறாள். பாலத்தில் முதல் பனி பார்க்க. ஒரு மேட்டில் அவித்த சோளம் விற்றவள் இருந்தாள். இன்று அந்த இடத்தில் டயர் கடை, சோளம் எங்கே கிடைக்கும் என்று கேட்ட கிழவரை டயர் கடைக்காரன் ஒரு மாதிரி பார்த்தான். சுரங்கப்பாதைக்குள் எதற்கு நிறுத்தச் சொன்னாள் என்பது மட்டும் கடைசிவரை விளங்கவில்லை. விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாள், அந்தக் காலத்தில் அவளுக்கு அந்தக் குறும்பு இருந்தது. எல்லாவற்றுக்கும் தான் சொன்ன பதில் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரிந்தது: அடுத்த தடவை. லாரிக்காரர்களுக்கும் பழகிவிட்டது. திறந்த கதவைக் கண்டால் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போனார்கள். உணவகக்காரர்கள் பனிக்கட்டியைக் கூடுதலாகப் போட்டு அனுப்பச் சொன்னார்கள். ஒரு தடவை நின்ற இடத்தில் கார் மறுபடி நிற்கவில்லை. ஆகஸ்டு முடிவதற்குள் வழக்கமாகப் போகும் வழியில் நிற்க இடமே மிச்சமில்லை.

மிச்சமிருந்தது பழைய மலைப்பாதை. சுன்ரே இறந்த நாளிலிருந்து அவர் அந்த வழியே போனதில்லை. அன்றைக்கு, இறக்கத்தில் கடல் முதன்முதலாகத் தெரியும் வளைவில், அவள் கையைத் தூக்கி ஜன்னல் கண்ணாடியில் வைத்தாள். அதை ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறார். வாயசைத்தாளா, இல்லையா தெரியாது. ரேடியோவில் மீன் விலை ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சு வலிக்கிறது, நிறுத்துங்கள் என்று அவள் சொல்லியிருந்தால், நிறுத்தியிருந்தால், கீழே ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே கார் நின்றுவிட்டால் அவளைக் கொன்றது தான்தான் என்று ஆகிவிடும். புது மீனை வைத்துவிட்டால் கடைசிவரை தெரியாமலே போகும். தல்சூவின் அலமாரியில் மீன் அவருக்காக வாய் திறந்து காத்திருந்தது. அவர் அதை வாங்கப் போகாமல் மலைப்பாதையில் வண்டியைத் திருப்பினார்.

உச்சியில் ரேடியோவை அணைத்தார். வழியில் ஓரிடத்தில் கார் நின்றது, கதவு திறந்தது. ரோட்டோரம் அசேலியாப் புதர், பூக்காத பருவம். கதவு சாத்திய பின் காரைக் கிளப்பி மெல்ல இறக்கத்தில் விட்டார். வளைவு வந்தது, கடல் தெரிந்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து இன்ஜின் அணைவதற்காகக் காத்திருந்தார். இன்ஜின் அணையவில்லை. புதுக் கார்போல ஒரே சீராக ஓடி வளைவைத் தாண்டியது.

நெஞ்சிலிருந்து பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தார். அப்போதுதான் அந்த வருஷம் கார் நின்ற இடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். எல்லாமே யோன்ஜு கல்லூரிக்குப் போவதற்கு முந்தையவை. அதற்குப் பிறகு வந்த அத்தனை வருஷத்தில் ஒன்றுகூட இல்லை. அன்றைக்குக் கண்ணாடியில் கை வைத்தபோதும் அவளுக்கு வலித்திருக்கும், நிறுத்தச் சொல்லத் தோன்றியிருக்காது. கேட்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். எப்போது விட்டாள் என்பதையும் அவர் கவனிக்கவில்லை.

கொஞ்ச தூரம் தள்ளி, எதுவுமே இல்லாத ஓர் இடத்தில், சாங்கூன் தானே பிரேக்கை மிதித்துக் காரை ஓரமாக நிறுத்தினார். முட்டைக்கோஸ் லாரி ஒன்று பின்னால் வந்து வேகத்தைக் குறைத்தது. ஓட்டி வந்தவன் தலையை நீட்டி, "என்ன தாத்தா, மறுபடி நின்னுருச்சா?" என்றான்.

"இல்ல, நீ போப்பா. வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார் சாங்கூன்.