நகர மறுத்த கண்டக்டர்

பஸ் கண்டக்டர் குழந்தை பெற்று வீடு திரும்பியதும் தெருவே திரண்டு வந்து பார்த்தது. குழந்தையின் மூக்கு அப்பன் வழியா, அம்மா வழியா என்று இரண்டு கட்சி உண்டாகி, மாடிவீட்டுக்காரியும் எதிர்வீட்டுக்காரியும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதை நிறுத்திக்கொள்ளும் வரை போயிற்று. பெற்றவள் எப்படி இருக்கிறாள் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. வாய்க்கு வேறு வேலை இருந்ததே!

பெற்றவளுக்கோ எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு வறண்டது. கண் மங்கியது. ஒருநாள் குழந்தையும் கையுமாகச் சுவரோரம் சரிந்தே விட்டாள். கர்ப்பத்தில் கண்டுபிடித்த சர்க்கரை அவளை விட்டபாடில்லை.

"புள்ளத்தாச்சியா இருந்தப்ப வந்த சுகர். புள்ள பொறந்ததும் போயிருச்சு" என்று மாமியார் தீர்ப்புச் சொன்னாள். தெருவில் அந்த அம்மாள் தீர்ப்புச் சொல்லாத வழக்கே கிடையாது.

பிரசவ ஆஸ்பத்திரியில், "எங்க வேலை முடிஞ்சதும்மா. இனிமே உங்க பக்கத்து கிளினிக்ல பாத்துக்குங்க" என்றார்கள். கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவள், "பிரசவத்துல வந்ததா? அங்கதான் போகணும்" என்றாள். கண்டக்டர் போனாள், வந்தாள், மறுபடி போனாள். படிக்கட்டில் தொங்கும் தடியன்களை ஒரே அதட்டலில் உள்ளே ஏற்றுகிறவள் இத்தனை நாள் வாயைப் பொத்திக்கொண்டு அலைந்ததுதான் அதிசயம்.

கடைசியில் மாமியார் கையில் குழந்தையைக் கொடுத்து, அவளையும் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். டாக்டர் அறை வாசலை அடைத்து ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, வழிய மறைக்காதீங்க" என்றாள் டோக்கன்காரி.

"மறைக்கத்தான் உக்காந்திருக்கேன்."

"அடியே, மானம் போகுது, எந்திரி!" என்று மாமியார் பல்லைக் கடித்தாள்.

"மானம் போனா போகட்டும் அத்தை. என் கண்ணு போனா உங்க கண்ணத் தருவீங்களா?"

இருமிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இருமலை ஒத்திவைத்துவிட்டுக் காதைத் தீட்டினார். கதவு திறந்தது. டாக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பிரசவ கேஸா? அங்கயே..." என்று ஆரம்பித்தார்.

"போதும் டாக்டர். அவங்க உங்களக் காட்டுறாங்க, நீங்க அவங்களக் காட்டுறீங்க. ரெண்டு ஸ்டாப்புக்கும் நடுவுல இறக்கி விட்டா நான் எங்க போறது? பஸ்ல நான் அப்படிப் பண்ணா என் வேலை போயிரும், தெரியுமா? பாக்காம நான் நகர மாட்டேன்."

டாக்டருக்குச் சுருக்கென்றது. உள்ளே கூப்பிட்டு, விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். மெஷினைப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு விரலையும் கேட்டார்.

"சுகர் இன்னும் ஏறித்தாம்மா இருக்கு. பால் குடுக்குறப்ப சாப்பிடக்கூடிய மாத்திரையா எழுதறேன். விடக்கூடாது. மாசா மாசம் என்கிட்டயே வாங்க."

"இந்தப் பொண்ணு டோக்கன் தரணுமே?"

டாக்டர் வாசல் பக்கம் திரும்பினார். டோக்கன்காரி கூரையில் ஓடும் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தாள். "தருவா" என்றார்.

வெளியே வந்ததும் மாமியார் பிடித்துக்கொண்டாள். "மாசா மாசம் நீ இங்க வந்து உக்காந்தா புள்ளய யாருடி பாத்துக்கிறது?"

"இப்ப யாரு கையில இருக்கு?"

"என் கையில."

"அப்ப அவங்களேதான் பாத்துக்குவாங்க."

மாமியார் வாயடைத்துப் போனாள் என்று எழுத ஆசைதான். அதெல்லாம் நடக்கவில்லை. தெருமுனை வரை தீர்ப்புமேல் தீர்ப்பாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கண்டக்டர் திரும்பிப் பார்க்காமல் மருந்துக்கடைக்குள் ஏறினாள்.